பாரம் தாங்கும் பாதம்



பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போய், புக்கிட் மேராவில் இருக்கும் என் தங்கை வீட்டில் நான்கு நாள் தங்கினேன். அவளுடைய மாமனாருக்கு எண்பது வயது. சர்க்கரை வியாதியால் உள்ளங்காலில் புண். புண்ணின்மேல் பாரம் விழாதபடி, அளவெடுத்து உள்மெத்தை வைத்த காலணி ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் தட்டிக் காட்டி, “பார்த்தீங்களா வாத்தியார் தம்பி, இந்த வயசுல எனக்கும் லாடம் கட்டிட்டாங்க!” என்று சிரித்தார்.

அவர் சும்மா சொல்லவில்லை. வாலிபத்தில் புக்கிட் தீமாவில் ஒரு லாயத்தில் குதிரை பராமரித்தவர் அவர். சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 1843-இல் தொடங்கியது. முதலில் சிராங்கூன் சாலைப் பக்கம், ஃபேரர் பார்க் திடலில் நடந்தது. இன்றைய ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1933-இல் புக்கிட் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் பந்தயம் மாறியது. 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது.

பெரியவர் மனத்தில் மட்டும் ஒரு செவலைக் குதிரை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

“அன்னைக்கு அது ஜெயிச்சு வந்துச்சு தம்பி. எனக்குச் சந்தோஷம் தாங்கல. யாருக்கும் தெரியாம தானிய வாளியை இன்னொரு தடவை நிரப்பி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, முன்னங்காலை நீட்டிக்கிட்டு, பின்னுக்குச் சாய்ஞ்சு நிக்குது. குளம்பைத் தொட்டா அடுப்பு மாதிரி சுடுது. காலு பிடிச்சிருக்குன்னு நெனச்சு, நடக்க வச்சேன்…”

அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்தக் குதிரை பிழைக்கவில்லை.

அந்த நோய்க்குக் குளம்பழற்சி என்று பெயர். மருத்துவர்கள் லேமினைடிஸ் என்பார்கள். உங்கள் விரல் நகத்தைச் சற்றுப் பாருங்கள். நகமும் சதையும் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன! குதிரையின் குளம்புச் சுவரும் அப்படித்தான். அதன் உட்புறத்தில் ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள், புத்தகத் தாள்களைப் போல, பாத எலும்பைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த எலும்பு குளம்பின் தரையில் உட்காரவில்லை, சுவரில் தொங்குகிறது. குதிரையின் எடை 500 கிலோ என்றால், அதில் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அதாவது, முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 150 கிலோ!

தானியம் மிஞ்சிப்போனால் குடலில் புளித்து நஞ்சாகிறது. அந்த மடிப்புகள் வீங்கிப் பிடிப்பை இழக்கின்றன. கொழுத்த குதிரைகளுக்கு இரத்தத்தில் இன்சுலின் ஏறினாலும் இந்நோய் வரும் என்று இன்றைய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மேலிருந்து உடலின் பாரம் அழுத்த, பின்னாலிருந்து தசைநார் இழுக்க, எலும்பின் முனை கீழ்நோக்கித் திரும்பிவிடும். நோய் முற்றினால் உள்ளங்குளம்பையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நிலையில் குதிரையை நடக்க வைத்தால், ஒவ்வோர் அடியும் மிச்சமிருக்கும் பிடிப்பையும் கிழிக்கும்.

சாதாரண லாடத்தை எங்கே அடிக்கிறார்கள்? குளம்புச் சுவரில். ஆக, பாரம் முழுவதும் சுவருக்கே போகிறது. நோயுற்ற இடமும் அதுதான் அல்லவா? அதனால் சுவரின் சுமையைக் குறைத்து, பின்பாதத்துக்கு மாற்றுவதே வைத்தியத்தின் சூட்சுமம். குளம்பின் அடியில், பின்பக்கமாக, முக்கோண வடிவில் மெத்தை போன்ற ஒரு பகுதி உண்டு. அங்கே பஞ்சு போன்ற அட்டையை வைத்துக் கட்டுவார்கள். லாயத்தில் ஆழமாக மணல் பரப்புவார்கள். குதிரை தனக்கு வலிக்காத விதமாகப் பாதத்தை அதில் பதித்துக்கொள்ளும். நோய் தொடங்கும்போதே பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைப்பதும் உண்டு.

வலி தணிந்தபின், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நீண்ட முன்முனையைச் சீவுவார்கள். முனை நீண்டிருந்தால் அடியெடுக்கும்போது நெம்புகோல் போல் சுவரைப் பிளக்கும். பிறகு இதய வடிவ லாடம் போடுவார்கள். அதன் நடுப்பட்டை அந்த முக்கோண மெத்தையைத் தாங்கிப் பிடிக்கும். சுத்தியல் அடி தாங்காத குளம்புக்குப் பசையால் ஒட்டும் லாடமும் இருக்கிறது. ஆனால் அளவு தவறி, எலும்பு முனைக்கு நேர்கீழே அழுத்தினால் வலி கூடும். எனவே கால்நடை மருத்துவரும் லாடம் கட்டுபவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பார்பரோ என்ற புகழ்பெற்ற குதிரைக்கு 2006-இல் வலப் பின்னங்கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் பாரத்தையெல்லாம் தாங்கிய இடப் பின்னங்காலில் குளம்பழற்சி வந்தது. 2007 ஜனவரி 29-இல் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. நொண்டும் காலையே எல்லாரும் பார்க்கிறோம்; அதற்காகச் சேர்த்துச் சுமக்கும் மறு காலையும் பார்க்க வேண்டும். நம் குடும்பங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

புறப்படும் நாளில் தங்கை கேசரி செய்திருந்தாள். மாமனாருக்குப் பிடிக்குமே என்று இரண்டாம் முறையும் அள்ளி வைக்கப் போனாள். பெரியவர் தட்டை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

“வேணாம்மா. செவலைக்கு நான் செஞ்சதை நீ எனக்குச் செய்யாதே.”