மலை வரைபடம் ஊராட்சிக்கு வரட்டும்

நிலக்கரி தேட 1851இல் தொடங்கப்பட்டது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். 

இன்று அதன் ஆண்டுப் பணிகளில் மக்கள் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது நிலச்சரிவு ஆய்வு. நிலவியலாளர்கள் மலை ஏறி, சரிவின் சாய்வு, பாறையின் விரிசல், மண்ணின் ஆழம், பழைய சரிவுகளின் தடம் எல்லாவற்றையும் பதிந்து, ஆபத்தான இடங்களை வரைபடமாக்குகிறார்கள். நீலகிரிக்கு மழைக்கால முன்னறிவிப்பும் சோதனை முறையில் வந்தது. அருமையான உழைப்பு.

இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்பதை வயநாடு காட்டியது: 2024 ஜூலை 30 அதிகாலை, நிலச்சரிவில் அங்குள்ள முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வரைபடம் கோப்பில் இருந்தால் போதாது. குன்னூரிலும் கூடலூரிலும் வீடு கட்ட அனுமதி கேட்பவர் கையில் அது தமிழில் கிடைக்க வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில், மழைக்கு முன்பே, ஒட்டப்பட வேண்டும்.