முன்பணம் யாருடைய பொருள்?

வீடொன்றைக் குடிக்கூலிக்குப் பெறுவார், குடிபுகுமுன் வீட்டுடையாரிடம் ஒரு தொகை கொடுத்துவைக்கின்றனர். அதனை மக்கள் 'அட்வான்ஸ்' என வழங்குவர். அது விலையுமன்று, கொடையுமன்று. வாடகை நிலுவைக்கும் வீட்டிற்கு நேரும் கேட்டிற்கும் ஈடாக வைக்கப்பெறும் அடைக்கலப் பொருளே. ஆயினும், கைம்மாறிய அன்றே அது தம்முடையதாயிற்று எனக் கருதுவார் பலர். இக்கருத்துப் பிழையென்பதையும், அதற்கு இடந்தரும் சட்டக்குறை ஒன்றினையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகையையே முன்பணமாகப் பெற இசைந்தது. சட்டம் அவ்வாறிருப்பவும், சென்னையிற் பத்து மாத வாடகை கேட்டலே வழக்கமாயிற்று. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பெற்று 2019 பெப்ருவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகையை எல்லையாக வகுத்தது. ஆயின், 'வேறு உடன்படிக்கை இருந்தாலன்றி' என்னும் பொருள்பட ஒரு தொடரையும் உடன்சேர்த்தது. வேலியிட்டவரே வாயிலையும் திறந்துவைத்தாற் காவல் யாது? வீடு கிடையாத அச்சத்தில் நிற்பவர் எவ்வுடன்படிக்கையிலும் கைந்நாட்டுவர் அன்றோ?

இஃது ஏட்டறிவால் மட்டும் யாம் உரைப்பதன்று. எம் குடும்பத்தார் மாதம் 8,000 ரூபாய் வாடகைக்குக் குடிபுகுந்தபோது கொடுத்த முன்பணம் 80,000 ரூபாய். மூன்று மாத எல்லையின்படி 24,000 ரூபாயே போதும். எஞ்சிய 56,000 ரூபாய்க்காக எம் அன்னையாரின் நகைகள் அடகுக்குச் சென்றன. நான்காண்டு கழித்து வீட்டைவிட்டு நீங்கியபோது, வண்ணம் பூசும் செலவென்று ஒரு மாத வாடகை கழிக்கப்பட்டது. மிகுதிப் பணம் மும்முறையாய் ஐந்து மாதத்தில் வந்தது. இதனிடையே எம் கல்லூரிச் சம்பளங் கட்டும் நாளும் வந்தது. மீண்டும் கடனே துணையாயிற்று. சுவருக்கு வெள்ளையடித்தலும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுதலும் வீட்டுடையார் கடமையென அச்சட்டத்தின் அட்டவணை வகுத்திருப்பதைப் பின்னரே அறிந்தோம்.

வீட்டுடையார் பக்கத்தும் நியாயமுண்டு. ஓய்வூதியமில்லா முதியோர் பலர்க்கு வாடகையே உணவு. வாடகை செலுத்தாதும், மின்கட்டணம் நிலுவை வைத்தும் அகல்வாரும் உளர். அதன்பொருட்டு ஈடு வேண்டுவதே. ஆயின் அதற்கு மூன்று மாத வாடகை அமையும். ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாதமே போதுமெனக் கூறுகின்றது.

ஆதலின் 'வேறு உடன்படிக்கை' என்னும் அத்தொடர் நீக்கப்படல் வேண்டும். கழிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் எழுத்திற் கணக்குக் காட்டுதல் வேண்டும். ஈடாக வாங்கிய ஏழையின் மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்குமாறு மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது. அவ்வாடையே அவனுக்கு இராப்போர்வை. இன்றைய குடியிருப்போர்க்கு முன்பணமும் அத்தன்மையதே.

மாணவ நண்பர்காள், வெளியே அறையெடுப்பின் எழுத்தில் உடன்படிக்கையும் பணத்திற்குப் பற்றுச்சீட்டும் பெறுமின். குடிபுகும் நாளிலேயே சுவர்களையும் குழாய்களையும் படமெடுத்து வைமின். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் வீட்டுடையாரும் பலர் இருப்பர். அப்பெரியோர்க்கு எம் பணிவான விண்ணப்பம் ஒன்றே: சட்டம் திருந்தும்வரை காத்திராது, குடியிருந்தார் திறவுகோலைத் தரும் நாளிலேயே அவர்தம் பொருளை அவர்க்கு அளித்தருள்க.