மாதம் 20 ரிங்கிட் கொடுத்தால் என்ன ஆகும்? தாதியர் கல்வி நன்கொடையின் கணக்கு

பட்டம் வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. கார் கடன், அறை வாடகை, பி.டி.பி.டி.என். தவணை எல்லாம் போக மாசக் கடைசியில் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அந்த நேரம் பார்த்து, நீங்கள் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: "நம் தாதியர் மாணவர் நிதிக்கு மாதம் 20 ரிங்கிட் தர முடியுமா?"

"அரசாங்க யூனிக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?" என்று தோன்றுவது இயல்பு. கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கிறோம், தமிழ்ப்பள்ளி கட்டடத்துக்குக் கொடுக்கிறோம். இது எதில் சேர்த்தி?

அந்த 20 ரிங்கிட் எங்கே போகிறது, அதை ஏன் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்கள், கொடுப்பதற்கு முன் நீங்கள் என்ன கேட்கலாம் என்று பார்ப்போம்.

ஏன் இப்போது கேட்கிறார்கள்?

முதல் காரணம், ஆள் பற்றாக்குறை. உலக அளவில் 2023-ல் சுமார் 58 லட்சம் தாதியர் பற்றாக்குறை இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மலேசியாவில் 2030-க்குள் பற்றாக்குறை ஏறக்குறைய 60 விழுக்காட்டை எட்டலாம் என்று சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் 2024-ல் எச்சரித்தார். சவூதி அரேபியாவும் சிங்கப்பூரும் கூடுதல் சம்பளம் தந்து நம் அனுபவமிக்க தாதியரை அழைத்துக்கொள்கின்றன. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் அம்மாவையோ தாத்தாவையோ சேர்த்து, வார்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால், இந்த எண்ணிக்கை உங்களுக்கு வெறும் எண்ணாகத் தெரியாது.

இரண்டாவது காரணம், பல்கலைக்கழகங்களின் பணநிலைமை. நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் செலவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்று வந்தது. 2015-ல் வெளியான உயர்கல்வி பெருந்திட்டம் இதை மாற்றச் சொன்னது. 2016 வரவு செலவுத் திட்டத்தில் மலாயா பல்கலைக்கழகத்துக்கான ஒதுக்கீடு மட்டும் சுமார் 27 விழுக்காடு வெட்டப்பட்டது. அதே காலகட்டத்தில், வருமானம் ஈட்டுவது, நிலைநிதி, வக்காப் ஆகியவை பற்றி உயர்கல்வி அமைச்சு ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டது. "இனி நீங்களும் நிதி திரட்டப் பழகுங்கள்" என்பதுதான் அதன் சாரம்.

தாதியர் துறைக்கு மட்டும் ஏன் கஷ்டம்?

ஒரு பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைக்கும் நன்கொடை ஒரே மாதிரி வருவதில்லை. மருத்துவத் துறையின் முன்னாள் மாணவர்களில் வசதியான நிபுணர்கள் இருப்பார்கள். பொறியியல் துறைக்குப் பெரிய நிறுவனங்கள் வரும். தாதியர் துறையின் முன்னாள் மாணவர்கள் ஷிப்ட் வேலை பார்க்கும் தாதியர்கள். மனசு இருக்கும், பெரிய காசோலை இருக்காது.

நன்றியும் சரியான இடத்துக்குப் போவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குடும்பம் டாக்டர் பெயரை ஆயுசுக்கும் நினைவில் வைத்திருக்கும். ராத்திரி 3 மணிக்கு டிரிப் மாற்றிய தாதியின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. "நான் பிழைத்ததற்கு இதோ நன்கொடை" என்று தாதியர் துறையைத் தேடி யாரும் வருவது அபூர்வம்.

செலவோ குறைவில்லை. மூச்சு விடும், நாடித் துடிப்பு காட்டும் ஒரு பயிற்சிப் பொம்மையின் விலை ஒரு நல்ல காரின் விலையைத் தாண்டும். சீருடை, காலணி, மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், பயிற்சிக் காலத்தில் தங்குமிடம் என்று மாணவர் பக்கச் செலவும் இருக்கிறது. கல்விக் கடன் கட்டணத்தைச் சமாளிக்கும். மாசக் கடைசியில் பேருந்துக் காசு இல்லாமல் பயிற்சியைத் தவறவிடும் மாணவியை அது எட்டாது. ஆண்டு நிதி எட்டுவது இந்த மாதிரி இடத்தைத்தான்.

நிலைநிதி, ஆண்டு நிதி: என்ன வித்தியாசம்?

நிலைநிதி என்றால் முதலைத் தொடாமல் முதலீடு செய்து, அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் செலவழிப்பது. ஆண்டு நிதி என்றால் இந்த வருஷம் வந்ததை இந்த வருஷமே மாணவருக்குச் செலவழிப்பது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 முன்னாள் மாணவர்கள் மாதம் 20 ரிங்கிட் கொடுத்தால், வருஷத்துக்கு 24,000 ரிங்கிட். இதே தொகை ஒரு நிலைநிதியிலிருந்து வர வேண்டுமானால், வருஷம் 4 விழுக்காடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், முதல் 600,000 ரிங்கிட் தேவை.

அதாவது, பெரிய வசதி இல்லாத 100 பேர் சேர்ந்து 6 லட்சம் ரிங்கிட் கொடுத்த ஒரு கோடீஸ்வரருக்குச் சமமாக நிற்க முடியும். ஆனால் ஒரு நிபந்தனை: அடுத்த வருஷமும் கொடுக்க வேண்டும். 100 பேரில் 60 பேர் விலகிவிட்டால் 24,000 ரிங்கிட் 9,600 ஆகிவிடும். இரண்டாம் ஆண்டில் படிக்கும் மாணவியிடம் போய், "இந்த வருஷம் நிதி குறைஞ்சிருச்சும்மா" என்று யார் சொல்வது?

அதனால்தான் ஆண்டு நிதியை நடத்துபவரின் வேலையில் பாதி, காசு வந்த பிறகே ஆரம்பிக்கிறது. ரசீது, நன்றிக் கடிதம், ஆறு மாதம் கழித்து ஒரு அறிக்கை: எத்தனை மாணவர்களுக்கு, எதற்காக, எவ்வளவு. புதிதாக ஒருவரைத் தேடிப் பிடிப்பதைவிட ஏற்கனவே கொடுத்தவரைத் தக்கவைப்பது செலவு குறைவு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். பிறகு ஏன் பல இடங்களில் மாதிரிக் காசோலைப் படத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது? படம் எடுக்க ஒரு நாள் போதும். அறிக்கை எழுத வருஷம் முழுக்கக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இது நமக்குப் புதுசா?

கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம் 'யுனிவர்சிட்டி'. அங்கே இறங்கிப் போகும் மலாயா பல்கலைக்கழகத்தின் வேரே நன்கொடைதான். 1904-ல் சிங்கப்பூர் வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர் மக்கள் ஒரு மருத்துவப் பள்ளி கேட்டு மனு கொடுத்தார்கள். பொதுமக்களிடம் 87,077 வெள்ளி திரண்டது. அதில் 12,000 வெள்ளி அவருடையது. 1905-ல் திறந்த அந்தப் பள்ளிதான் பின்னாளில் ராபிள்ஸ் கல்லூரியோடு சேர்ந்து 1949-ல் மலாயா பல்கலைக்கழகம் ஆனது. 1950-களில் அதே பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுக் குரல் கொடுத்த 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் மக்களிடம் சிறு தொகைகளாக நிதி திரட்டினார்.

பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்த நேரத்தில், அவர் 1960-ல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. அதனால் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். அது நன்கொடை அல்ல, பங்கு முதலீடு. ஆனாலும் சிறு தொகை, மாதத் தவணை, நேரில் போய்ப் பேசி வாங்கிய நம்பிக்கை என்ற முறை, இன்று பல்கலைக்கழகங்கள் கற்றுக்கொள்ள முயலும் அதே முறைதான். உங்கள் பாட்டி வீட்டு அலமாரியில் அந்தச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தாதியர் பள்ளிக்கு வருவோம். 1855-ல், கிரிமியப் போரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் செய்த சேவைக்கு நன்றியாக லண்டனில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. சுமார் 45,000 பவுண்டு சேர்ந்தது. படைவீரர்கள் தங்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் 1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. கட்டடம் கட்டிக் கல்வெட்டு வைக்காமல், பயிற்சிப் பெண்களின் தங்குமிடத்துக்கும் படிப்புக்கும் வருஷா வருஷம் செலவழித்தார்கள்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யும் இப்படி வளர்ந்ததுதான். டாக்டர் ஐடா ஸ்கட்டர் அமெரிக்காவில் திரட்டிய நிதியில் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் தாதியர் பள்ளி தொடங்கியது, 1946-ல் அது பட்டப்படிப்பு தரும் கல்லூரியானது. எழுபது வயதைக் கடந்த பிறகும், 1940-களில், அவர் மீண்டும் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். இன்றும் பல நாடுகளில் வேலூருக்கென்று 'நண்பர்கள்' அமைப்புகள் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் அந்த உறவைப் பேணியிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் 1954-ல் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கியது அசுந்தா மருத்துவமனை. அதோடு சேர்ந்து வளர்ந்த தாதியர் கல்லூரிக்கு துன் டான் செங் லோக் பெயர் வைக்கப்பட்டது.

யார் கொடுத்தாலும் வாங்கலாமா?

கூடாது. தாதியர் பள்ளிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு குழந்தைப் பால்மாவு நிறுவனம், "உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நாங்கள் பணம் தருகிறோம், சுவரில் எங்கள் பெயர் மட்டும் போதும்" என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கூடத்தில் படிக்கும் மாணவிதான் நாளை பிரசவ வார்டில் தாய்ப்பால் பற்றி அம்மாக்களுக்குச் சொல்லித் தரப் போகிறவர். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கு உலகச் சுகாதாரப் பேரவை 1981-ல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. மலேசியா அதற்கும் முன்பே, 1979-ல், தன் சொந்த நெறிமுறையை வகுத்துவிட்டது. சுகாதாரப் பணியாளர்களைப் பரிசும் சலுகையும் காட்டி ஈர்க்கக் கூடாது என்பது இதன் அடிப்படைகளில் ஒன்று.

எந்த நன்கொடையை ஏற்பது, எதை மறுப்பது என்று எழுதி வைத்த கொள்கை அதனால்தான் தேவை. நிதி கேட்டு வருபவர் சிரித்த முகத்தோடு "வேண்டாம்" சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 100 பேர் தரும் 20 ரிங்கிட்டுக்கு இங்கே இன்னொரு மதிப்பும் உண்டு. அந்தப் பணம் இருக்கும்போதுதான் இந்த "வேண்டாம்" சொல்லத் தைரியம் வரும்.

மாணவரின் மானமும் கவனிக்க வேண்டிய விஷயம். "இந்த ஏழை மாணவியைப் பாருங்கள்" என்று முகத்தைப் போட்டு நிதி கேட்டால் காசு வரலாம். ஆனால் அந்த மாணவி நாளைக்கு அதே ஊரில் வேலை பார்க்கப் போகிறவர்.

வரிச் சலுகை உண்டா?

உண்டு, நிபந்தனையோடு. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் பண நன்கொடையை, உங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம்.

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வராது. வரி விதிக்கப்படும் வருமானம்தான் குறையும். உதாரணமாக, உங்கள் வரிக்குரிய வருமானம் 60,000 ரிங்கிட் என்றால் கடைசிப் படிக்கு 11 விழுக்காடு வரி. வருஷத்துக்கு 240 ரிங்கிட் கொடுத்தால், சுமார் 26 ரிங்கிட் வரி குறையும். அதிகாரப்பூர்வ ரசீது இல்லையென்றால் அதுவும் இல்லை.

கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

ஒன்று: வங்கிக் கணக்கு யார் பெயரில்? பல்கலைக்கழகம் அல்லது அதன் அறவாரியத்தின் பெயரில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கியூ.ஆர். குறியீட்டில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு: 44(6) அங்கீகாரம் உண்டா? உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

மூன்று: போன வருஷம் எவ்வளவு வந்தது, எத்தனை மாணவருக்குப் போனது, நிர்வாகச் செலவு எவ்வளவு? நன்றாக நடக்கும் நிதியில் இதற்குப் பதில் தயாராக இருக்கும்.

நான்கு: மாணவரை யார், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள்?

தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் தூக்கி வந்தால், 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவு இல்லை.

கடைசியாக, மாதம் 20 ரிங்கிட் முடியவில்லையா? 5 ரிங்கிட் என்றாலும் சொல்லிவிட்டு அதை விடாமல் கொடுங்கள். கொடுக்க முடியாத சூழ்நிலை என்றால் "இப்போ முடியாது, அடுத்த வருஷம் கேளுங்க" என்று பதில் போடுங்கள். நிதியை நடத்துபவருக்கு அதுவும் ஒரு தகவல்தான். ஆறு மாதம் கழித்து அறிக்கை வரவில்லையா? அப்போது நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் 20 ரிங்கிட் என்ன ஆச்சு?"

100 பேர் அப்படிக் கேட்டால், அடுத்த வருஷம் அறிக்கை கேட்காமலே வரும்.