மக்கும் பை மக்குமா?

கடைக்குப் போகிறீர்கள். அரைக் கிலோ தக்காளியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்குகிறீர்கள். கடைக்காரர் ஒரு மெல்லிய பையில் போட்டுத் தருகிறார்.

"இது பிளாஸ்டிக் பை அல்லவா? தடை போட்டிருக்கிறார்களே!" என்று கேட்கிறீர்கள்.

"இல்லீங்கம்மா. இது மக்கும் பை. மக்காச்சோளத்திலே செஞ்சது" என்கிறார் கடைக்காரர்.

பையைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம் இருக்கிறது. மனம் நிம்மதி அடைகிறது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி எறிந்து விடுகிறீர்கள். "அதுதான் மக்கிப் போய்விடுமே!" என்று நினைக்கிறீர்கள்.

மக்குமா?

"மக்கும்" என்றும் சொல்லலாம். "மக்காது" என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை! அது எப்படி என்று பார்ப்போம்.

சட்டத்தில் ஒரு வாசல்

தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி தடை வந்தது. பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு 2022-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இந்தியா முழுவதும் தடை வந்தது.

பைகளுக்கு மத்திய அரசு ஒரு கன அளவையும் வைத்தது. 2022-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி முதல் பிளாஸ்டிக் பை 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் இருக்கும். கனமான பையை மக்கள் எறிய மாட்டார்கள், பல முறை உபயோகிப்பார்கள் என்பது சட்டம் போட்டவர்களின் எண்ணம்.

ஆனால், மத்திய அரசின் விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. "கம்போஸ்டபிள்" என்ற வகைப் பிளாஸ்டிக்குக்கு, அதாவது எருவாக மக்கக் கூடிய பிளாஸ்டிக்குக்கு, இந்தக் கன அளவு கிடையாது. அதைச் செய்கிறவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

இந்த வாசல் வழியாகத்தான் இலைப் படம் போட்ட பை வருகிறது. நல்ல பையும் வருகிறது. போலிப் பையும் நுழையப் பார்க்கிறது.

கஞ்சியில் ஒரு பாடம்

சோளத்தில் பை செய்ய முடியுமா? முடியும். அதற்கு அத்தாட்சி உங்கள் சமையல் அறையிலேயே இருக்கிறது.

சோறு வடித்த கஞ்சி பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து போனால் என்ன ஆகிறது? கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய ஏடு உரிந்து வருகிறது. அதுவும் ஒரு படலம்தான்!

அரிசியிலும் சோளத்திலும் மரவள்ளிக் கிழங்கிலும் இருக்கும் மாவுச்சத்து, மணி கோத்த மாலை போன்றது. மிகச் சிறிய மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்து, நீண்ட சங்கிலியாக இருக்கின்றன. இப்படிப்பட்ட சங்கிலிக்குத்தான் பாலிமர் என்று பெயர். பஞ்சு, மரம், கடல்பாசி, இறால் ஓடு எல்லாவற்றிலும் இத்தகைய சங்கிலி உண்டு. பாலிதீனும் ஒரு சங்கிலிதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே?

மண்ணில் உள்ள நுண்ணுயிர்களிடம் மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டும் கத்தி இருக்கிறது. பாலிதீன் சங்கிலியை எளிதில் வெட்டும் கத்தி அவற்றிடம் இல்லை. அதனால் ஒன்று மக்குகிறது. மற்றொன்று கிடந்தபடியே கிடக்கிறது.

சரி, கஞ்சி ஏட்டிலேயே பை செய்து விடலாமே என்று கேட்பீர்கள். காய்ந்த ஏட்டை மடக்கிப் பாருங்கள். நொறுங்கிப் போகும். அதற்கு மருந்து உண்டு. கிளிசரின் சேர்த்தால் ஏடு வளைந்து கொடுக்கும். ஆனால் அந்த ஏட்டில் தண்ணீர் பட்டால்? மறுபடியும் கஞ்சி!

இங்கேதான் விஞ்ஞானிகளின் தலைவலி ஆரம்பமாகிறது. ஈரத்தையும் நுண்ணுயிரையும் உள்ளே விடும் பொருள் எளிதில் மக்கும். ஆனால் அதில் பாலை ஊற்றி வைக்க முடியாது. ஈரத்தை அண்ட விடாத பொருளில் பாலை ஊற்றலாம். ஆனால் அது எளிதில் மக்காது. எந்தக் குணத்துக்காக நாம் பாலிதீனை விரும்புகிறோமோ, அந்தக் குணமே பிறகு நமக்குப் பகையாகிறது!

கண்ணாடிக் காகிதத்தின் கதை

இது புதிய தலைவலி அல்ல. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தலைவலி.

சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிரான்டன்பெர்கர் என்ற துணித் தொழில் நிபுணர் இருந்தார. ஓர் உணவு விடுதியில் மேஜை விரிப்பின் மேல் மது கொட்டிக் கறை படிந்ததை அவர் பார்த்தாராம். "கறை படியாத துணி செய்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. மரக்கூழில் இருந்து எடுத்த ஒரு திரவத்தைத் துணி மேல் பூசிப் பார்த்தார். துணி விறைத்துப் போனது. ஆனால் அந்தப் பூச்சு மட்டும் மெல்லிய கண்ணாடி போல் தனியே உரிந்து வந்தது!

துணியை விட்டார். பூச்சைப் பிடித்துக் கொண்டார். 1908-ம் ஆண்டில் செலோபேன் பிறந்தது. மிட்டாய் சுற்றி வருமே, கண்ணாடிக் காகிதம், அதுதான்.

பார்க்க அழகாக இருந்தது. ஆனால் காற்றில் உள்ள ஈரம் அதன் வழியாகப் புகுந்தது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் சார்ச் என்ற விஞ்ஞானி 1927-ம் ஆண்டில் அதற்கு வழி கண்டார். மெழுகு கலந்த மிக மெல்லிய பூச்சு ஒன்றை அதன் மேல் கொடுத்தார். ஈரம் தடைப்பட்டது. வியாபாரம் பெருகியது.

இதைக் கவனியுங்கள். உறையின் உடல் மரத்தில் இருந்து வந்தது. காவல் வேலையைச் செய்ததோ, மேலே இருந்த பூச்சு!

பாலிதீன் வந்தது

1933-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பாசெட், கிப்சன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சோதனை செய்தார்கள். பாத்திரத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டிக் கொண்டிருந்தது. அதுதான் பாலிதீன். எதிர்பாராமல் கிடைத்த பொருள்!

அதற்குத் தனிப் பூச்சு தேவைப்படவில்லை. தண்ணீர் அதனிடம் தோற்றது. விலையும் மலிவு. 1965-ம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்று, இப்போது நாம் பார்க்கும் கைப்பிடி வைத்த பைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. அதன் பிறகு துணிப்பை மூலைக்குப் போயிற்று.

பாலிதீனைத் திட்டிப் பயன் இல்லை. விடியற்காலையில் வீட்டு வாசலுக்குப் பால் கெடாமல் வருவது அதனால்தான். பத்து நிமிடம் கீரை சுமக்கும் வேலைக்கு, பல தலைமுறை அழியாத பொருளை வைத்தோமே, அதுதான் தவறு.

எதில் செய்தது என்பது போதாது

இப்போது மீண்டும் மரத்துக்கும் மாவுக்கும் திரும்புகிறார்கள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு.

பிரேசில் நாட்டில் பிராஸ்கெம் என்ற கம்பெனி 2010-ம் ஆண்டு முதல் கரும்பில் இருந்து பாலிதீன் செய்கிறது. கரும்பில் இருந்து வந்தாலும் அது பாலிதீன்தான். மக்காது!

மாறாக, மக்கும் பைகளில் சேர்க்கும் பி.பி.ஏ.டி. என்ற பொருளைப் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் அது தக்க இடத்தில் மக்குகிறது.

ஆகவே, "சோளத்தில் செய்தது" என்ற ஒரு வார்த்தையை நம்பி முடிவு கட்டக் கூடாது. சங்கிலியின் அமைப்புதான் முக்கியம்.

இன்னொரு வகைப் பை இருக்கிறது. சாதாரணப் பாலிதீனில் ஒரு மருந்தைக் கலந்து விடுவார்கள். வெயிலில் அது துண்டு துண்டாக உடையும். பார்க்கிறவருக்கு மக்கி விட்டது போலத் தோன்றும். உண்மையில் ஒரு பை ஆயிரம் துணுக்குகள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2021-ம் ஆண்டில் இதற்குத் தடை போட்டது. நம் நாட்டிலும் 2024-ம் ஆண்டின் விதி, நுண் துணுக்குகளை மிச்சம் வைக்காமல் மக்கினால்தான் அது மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்கிறது.

மூன்று ஆண்டு கழித்துத் தோண்டினார்கள்

இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தார்கள். கடலிலும் போட்டார்கள். மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். 2019-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

"மக்கும்" என்று அச்சிட்ட ஒரு பை மூன்று ஆண்டுக்குப் பிறகும் கடைச் சாமான்களைச் சுமந்தது!

"கம்போஸ்டபிள்" பை என்ன ஆயிற்று? கடலில் மூன்று மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மண்ணில் 27 மாதம் ஆகியும் கிடந்தது. ஆனால் சுமை தாங்கும் வலு போய்விட்டது.

ஒரே பை. இடத்துக்கு ஓர் நடத்தை!

காரணம் என்ன? இந்தப் பைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது, சுமார் 58 டிகிரி சூட்டில் ஈரமும் நுண்ணுயிரும் நிறைந்த எருவில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மக்க வேண்டும். பெரிய எருக் கிடங்கில் அந்தச் சூடு தானாகவே உண்டாகும். வீட்டுக் கொல்லைக் குழியில் அந்தச் சூடு தொடர்ந்து நிற்பது அரிது. சாக்கடையில் அது கிடையவே கிடையாது.

ஆகவே, பையில் எழுதியிருப்பது பொய் அல்ல. பாதி உண்மை. "எங்கே" என்ற மீதிப் பாதியை யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

மிலான் நகரம் செய்தது

இத்தாலியில் சாதாரணப் பிளாஸ்டிக் பைகளுக்கு 2011-ம் ஆண்டிலேயே தடை வந்தது. அங்குள்ள மிலான் நகரில் வீடுதோறும் சமையல் கழிவை மட்டும் தனியாக வாங்குகிறார்கள். ஜனங்கள் அதை மக்கும் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். பையும் கழிவும் சேர்ந்து, அதற்கென்று உள்ள நிலையத்துக்குப் போகின்றன.

அங்கே மக்கும் பைக்கு ஒரு வேலை இருக்கிறது. போய்ச் சேர ஓர் இடமும் இருக்கிறது. குப்பையை எல்லாம் ஒன்றாகக் கொட்டுகிற ஊரில், அதே பை வெறும் குப்பைதான்.

இன்னொரு விஷயம். மக்கும் பையைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரிடம் சேர்த்துப் போடாதீர்கள். பாலிதீனோடு கலந்தால், அதை உருக்கிச் செய்யும் புதுப் பொருளின் தரமும் கெட்டுவிடும்.

கடலில் ஒரு நம்பிக்கை

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 2019-ம் ஆண்டு லண்டன் மாரத்தான் ஓட்டப் பந்தயத்தில், ஓடுகிறவர்களுக்குச் சிறு சிறு பொதிகளில் பானம் கொடுத்தார்கள். பொதியின் தோல் கடல்பாசியில் செய்தது. பானத்தோடு சேர்த்துத் தோலையும் விழுங்கி விடலாம்! அதைச் செய்த நாட்பிளா என்ற கம்பெனிக்கு 2022-ம் ஆண்டில் எர்த்ஷாட் பரிசு கிடைத்தது.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், இறால் ஓட்டில் இருந்து கைட்டோசான் என்ற பொருளை எடுக்கும் முறையை வகுத்திருக்கிறது. இதிலும் படலம் செய்யலாம். இது சில கிருமிகளை வளர விடாது.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுப்பதை அறிவீர்கள். மண்டபத்தில் கடல்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பாசியில் உறை செய்யும் தொழில் வளர்ந்தால், அந்தக் கைகளுக்கும் வேலை வரலாம்.

ஆனால் ஈரம் என்ற பழைய எதிரி இங்கேயும் நிற்கிறது. அதனால்தான் பலர் சார்ச் போன வழியிலேயே போகிறார்கள். மக்கும் உடல், அதன் மேல் மிக மெல்லிய காவல் பூச்சு. இயற்கை இதை முன்பே செய்து விட்டது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவது இல்லை. அதன் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. ஆனாலும் உதிர்ந்த இலை மக்கிப் போகிறது!

நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை கடைக்காரர் மக்கும் பையை நீட்டினால், இலைப் படத்தைப் பார்க்காதீர்கள். "கம்போஸ்டபிள்" என்ற வார்த்தையும் செய்தவர் பெயரும் சான்றிதழ் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு உங்களையே கேளுங்கள். "இது எங்கே மக்கும்? அந்த இடத்துக்கு இதை யார் கொண்டு போவார்கள்?" உங்கள் ஊரில் விடை இல்லை என்றால், உங்கள் வார்டு உறுப்பினரையும் அதே கேள்வியைக் கேளுங்கள். சமையல் கழிவைத் தனியாக எடுத்து எருவாக்க ஏற்பாடு செய்வது ஊர் நிர்வாகத்தின் வேலை.

அதுவரை? 2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அந்தப் பையை மடித்து இடுப்பில் செருகிக் கொள்ளலாம். கிழிந்தால் தைக்கலாம். கடைசியில் கரித்துணி ஆகும்.

ஒரு நாள் விருந்துக்கு வாழை இலை போட்டோம். பல ஆண்டுச் சமையலுக்குப் பித்தளைப் பாத்திரம் வைத்தோம். வேலைக்குத் தக்க ஆயுள் உள்ள பொருளை எடுப்பது நமக்குத் தெரியாத வித்தை அல்ல!