பீலித் தண்ணீரும் வரைகலை அட்டையும்

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் அவர், தமையனார் கொழும்பில் வாங்கிக் கொடுத்த பழைய கணினியொன்றைக் கொண்டு, திருமண வீடுகளுக்கு வீடியோப் படங்களைத் தொகுத்துக் கொடுத்து வீட்டுச் செலவுக்கு உதவி வருகிறாராம். அக்கணினியில் இருப்பது, கடைகளில் ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்று கேட்டு வாங்கும் வரைகலை அட்டை. அரை மணி நேரம் வேலை செய்ததும் அது கொதிப்பேறித் திரை இருண்டு போகிறது. முடித்துக் கொடுக்க வேண்டிய படம் ஒன்று பாதியில் நிற்கிறது. “லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் இரவு பகலாக ஓடுகிறது. அதை ஒரு குழாயால் அட்டைக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் கானுக்குள் விட்டுவிட்டால் என்ன?” என்பது அவருடைய வினா.

வினா கெட்டிக்காரத்தனமானது. ஆயினும், தம்பி, அவசரப்பட்டுச் செய்துவிட வேண்டாம்.

தண்ணீரால் இயந்திரத்தைக் குளிரச் செய்வது நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. தேயிலைத் தொழிற்சாலைகளில் எண்ணெய் இயந்திரங்கள் ஓடிய காலத்தில், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடித் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கணினிகளுக்கும் இது புதிதன்று. 1980இல் வெளிவந்த ஐ.பி.எம். 3081 என்னும் பெருங்கணினி தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது. 1985இல் வந்த கிரே-2 என்பதிலோ, மின்சாரத்தைக் கடத்தாத ஒருவகைத் திரவத்தில் உள்ளுறுப்புகளையே அமிழ்த்தி வைத்திருந்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? 2017இல் விற்பனைக்கு வந்த ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1080 டிஐ என்னும் அட்டையை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது 250 வாற்று மின்சாரத்தை விழுங்குகிறது. நாம் முன்பு வீட்டில் ஏற்றிய 60 வாற்றுக் குமிழ்கள் நான்கின் சூடு, ஒரு தபால் முத்திரையளவு சில்லிலிருந்து எழுகிறது. அச்சூட்டை அகற்றக் காற்றை நம்புவதானால் வெகுவாக வீச வேண்டும். ஒரே கன அளவுள்ள காற்றும் தண்ணீரும் ஒரு பாகை சூடேறும்போது, காற்றைப் போல் மூவாயிரம் மடங்குக்கு மேலான வெப்பத்தைத் தண்ணீர் ஏந்திக்கொள்கிறது. நிமிடத்துக்கு நான்கு லீற்றர் வீதம் ஓடும் தண்ணீர், அந்த 250 வாற்றையும் சுமந்துகொண்டு வெளியேறுகையில் ஒரு பாகைகூடச் சூடேறியிருக்காது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆயின், தண்ணீர் வெப்பத்தைச் சுமக்கிறதேயன்றி விழுங்கி விடுவதில்லை. சுமந்ததை எங்கேனும் இறக்கி வைக்க வேண்டும். லொறிகளில் உள்ளது போன்ற ரேடியேற்றரும் விசிறியும் அதற்காகவே இருக்கின்றன. அறையின் காற்று 30 பாகையென்றால், எத்தனை விலை கொடுத்த ரேடியேற்றரும் தண்ணீரை அதற்குக் கீழே கொண்டுபோக மாட்டாது. அதனால் குறையொன்றுமில்லை. 70, 80 பாகையில் வேலை செய்யக்கூடிய சில்லுக்கு 40 பாகைத் தண்ணீரே குளிர்ந்த தண்ணீர்தான். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 2010இல் நிறுவப்பட்ட அக்குவாசார் என்னும் கணினிக்கு 60 பாகை வெந்நீரையே உள்ளே விட்டார்கள். அங்கிருந்து வெளிவந்த சூட்டைக் கொண்டு பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு வெப்பமூட்டினார்கள்!

இனி நம் ஊருக்கு வருவோம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத மாதங்களை நாம் அறிவோம். 28 பாகைக் காற்றில் ஈரப்பதன் நூற்றுக்கு 85 என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 25 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியும். குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ச்சியானது. அதை அட்டைக்குள் ஓடவிட்டால் குழாயில் ஒரு துளி கசியாவிட்டாலும், அட்டை தானே வியர்த்து நனையும். பீலித் தண்ணீர் வேண்டாமென்பதற்கு முதற்காரணம் இதுவே. ஐஸ் கட்டி போடும் யோசனையும் இத்தோடு விழுந்தது.

இரண்டாவது காரணத்தை நாம் நட்டப்பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் மருமகன் ஒருவனுடைய கணினிக்கு இவ்வேற்பாட்டைச் செய்யத் துணைபோனோம். சில்லின் மேல் அமரும் கட்டி செம்பு. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய ரேடியேற்றர் அலுமினியம். தண்ணீரோ, வீட்டில் வடிகட்டிய ஊற்று நீர். குடிக்க நல்லதென்றால் கணினிக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று நினைத்தோம். சில மாதங்களில் கண்ணாடிபோல் இருந்த குழாய் கலங்கிப் பாசி பிடித்தது. திறந்து பார்த்தால், செப்புக் கட்டியின் நுண்ணிய வரிகளில் வெள்ளைக் கசடு அடைத்திருந்தது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால், நீரில் கரைந்த உப்புகளின் துணையால் அது ஒரு மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. அரித்தது கட்டியில் வந்து அடைக்கிறது. மருமகன் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாயார் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஆகவே, செய்வதானால் மூடிய சுற்றாகச் செய்ய வேண்டும். உள்ளே ஓடுவது வடித்த நீராகவும், பாசி பிடிக்காதிருக்க அதற்கென விற்கும் மருந்து கலந்ததாகவும் இருக்க வேண்டும். கராஜில் ‘பற்றரித் தண்ணீர்’ கேட்பவர்கள் லேபிளைப் படித்து வாங்குங்கள். பற்றரி அசிட்டும் அதேபோன்ற போத்தலில் அதே தட்டில் இருக்கக்கூடும். கட்டி செம்பென்றால் ரேடியேற்றரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும். அட்டைக்கு மட்டுமே 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டு அல்லது மூன்று பொருந்தும் ரேடியேற்றர் தேவைப்படும். கட்டி வாங்கும்போது சில்லின் பெயரை மாத்திரம் சொன்னால் போதாது. ஒரே சில்லை வைத்து வெவ்வேறு நிறுவனத்தார் செய்யும் அட்டைகளில் உறுப்புகள் இருக்கும் இடம் மாறுபடும். அட்டையின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பழைய விசிறித் தொகுதியைக் கழற்றும்போது அதன் மெல்லிய மின்கம்பியை அறுத்துவிடாதீர்கள். நினைவகச் சில்லுகளின் மேலிருக்கும் மெத்தென்ற வெப்பத் திண்டுகளின் தடிப்பை ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள். தடிப்பு கூடினால் கட்டி நடுச் சில்லில் சரியாக அமராது. குறைந்தால் நினைவகம் வேகும். வெப்பப் பசையை மெல்லியதாக இட்டு, திருகாணிகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை முதலில் இறுக்கினால் சில்லின் விளிம்பு உடையலாம்.

பம்பு ஒரு கணமும் வறண்டு ஓடலாகாது. எனவே தண்ணீர்த் தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும். நிரப்பிய பின், வேறெந்த உறுப்புக்கும் மின்சாரம் போகாதவாறு இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பம்பை மாத்திரம் ஒரு முழு நாள் ஓடவிட வேண்டும். மூட்டுகளின் கீழே வெள்ளைக் கடதாசி விரித்து வைத்தால், ஒரு துளி விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஒரு நாளைப் பொறுக்க முடியாதவர் இவ்வேலையில் இறங்கவே கூடாது. லய வீடுகளில் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு முதலில் பார்ப்பித்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பின்னர், இறக்குவானைத் தம்பிக்கு நமது யோசனை வேறு. பழைய அட்டையில் வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருக்கும். விசிறியின் தகடுகளுக்குள் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் துடைத்து, பசையையும் திண்டுகளையும் புதிதாக மாற்றுங்கள். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். திரை இருள்வதற்குச் சூடுதான் காரணமென்றால், பெரும்பாலும் இவ்வளவிலேயே குணம் தெரியும். தண்ணீர்ச் சுற்றுக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கு. நின்றுபோன திருமணப் படத்தையும் முடித்துக் கொடுத்துவிடலாம்.

வேலைக்கு முன்னும் பின்னும் அட்டை காட்டும் வெப்பநிலையைக் குறித்து நமக்கு எழுதட்டும். மழைநாளா வெயில்நாளா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மின்தடை பற்றி அவர் கேட்டிருக்கும் மற்றைய வினாவுக்கு அடுத்த ஞாயிறு விடை கூறுவோம்.