மௌன ராகம்: திவ்யாவுக்குக் கிடைத்த ஒரு வருடம்

'மௌன ராகம்' என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கார்த்திக். அப்புறம் இளையராஜா. அப்புறம் பி.சி.ஸ்ரீராமின் கேமரா. 1986ல் வந்த படம், நான் பிறப்பதற்கு ரொம்ப வருடங்கள் முன்னால். ஆனாலும் டிவியில் எப்போது போட்டாலும் எங்கள் வீட்டில் சேனல் மாறாது. அம்மா கார்த்திக்குக்காகப் பார்ப்பார், அப்பா பாட்டுக்காக. நான் கொஞ்ச நாளாக ரேவதிக்காகப் பார்க்கிறேன்.

பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றுவது இதுதான். எல்லோரும் இதைக் காதல் படம் என்கிறார்கள். இல்லையென்றால் 'நல்ல கணவன் பொறுமையாக இருந்து மனைவியின் மனதை மாற்றும் கதை' என்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது, செத்துப்போன ஒருவனுக்காக வாய்விட்டு அழ முடியாமல் போன ஒரு பெண்ணின் கதை.

(படம் பார்க்காதவர்கள் உஷார், முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன்.)

திவ்யா மனோகரைக் காதலிக்கிறாள். பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகும் நாளில், பதிவு அலுவலக வாசலிலேயே, அவள் கண்ணெதிரே, போலீஸ் குண்டு பட்டு அவன் சாகிறான். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சே வேண்டாம் என்கிறாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது. வேறு வழியில்லாமல் சந்திரகுமாருக்குக் கழுத்தை நீட்டுகிறாள். டெல்லிக்குப் போகிறார்கள். உனக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று அவன் ஆசையாகக் கேட்க, விவாகரத்து வேண்டும் என்கிறாள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் விதவை. ஊரே கூடி அழுதிருக்கும். போடாததால் அவள் யாருமே இல்லை! நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் பொங்கல், தீபாவளி கிடையாது. பதினாறாம் நாள், வருஷத் திதி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. துக்கத்துக்கு ஆரம்பம், முடிவு, கூட உட்கார்ந்து அழ நாலு பேர், எல்லாம் உண்டு. காதலனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. அவளுக்குக் கிடைப்பது பெண் பார்க்கும் படலமும் பஜ்ஜி சொஜ்ஜியும்தான்.

காமர்ஸ் படிக்கிற புத்தி எனக்கு இங்கேதான் எட்டிப் பார்க்கிறது. வாராக்கடனை வாராக்கடன் என்று கணக்கில் எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் விட்டால் நஷ்டம் காணாமல் போகாது. லாபம் காட்டும் கணக்குதான் பொய்யாகிவிடும். திவ்யாவின் கல்யாணம் அப்படி ஒரு கணக்கு. பாவம், அந்தக் கணக்கை ஒன்றும் தெரியாமல் கையில் வாங்கிக்கொண்டவன் சந்திரகுமார்.

அந்தச் சந்திரகுமார் கூட அவள் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, நடந்தது நடந்ததாக இருக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை என்கிற தோரணையில்தான் பேசுகிறான். ரொம்ப நல்லவன். ஆனால் அவள் மன்னிப்பா கேட்டாள்? ஒருவன் செத்துப்போனதைச் சொன்னாள். அதை அவன் ஒரு 'பழைய காதல்' என்றுதான் கேட்டுக்கொள்கிறான். நல்லவர்களே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

அடுத்து வக்கீல் காட்சி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் மனு போட முடியாது என்கிறார். இது சினிமாவுக்காகச் சொன்னதல்ல. 1955ம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 14வது பிரிவு. முதலில் 3 வருடமாக இருந்ததை 1976ல் 1 வருடமாகக் குறைத்தார்கள். மிகக் கடுமையான கஷ்டம் என்றால் கோர்ட் விலக்குத் தரலாம். பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதற்கான 13பி பிரிவும் அதே 1976ல் வந்ததுதான். அதற்கும் 1 வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று அர்த்தமில்லை, ஒரே கூரையின் கீழும் கணவன் மனைவியாக இல்லாமல் இருக்கலாம் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திவ்யாவும் சந்திரகுமாரும் 1986லேயே அப்படித்தான் இருந்தார்கள் :-)

சட்டம் அந்த ஒரு வருடத்தைக் கொடுப்பது கல்யாணத்தைக் காப்பாற்ற. ஆனால் திவ்யாவுக்கு அது வேறு விதமாக உதவுகிறது. யாரும் அவளைத் தொடுவதில்லை, சிரிக்கச் சொல்வதில்லை, மறக்கச் சொல்வதில்லை. நம் வீடுகளில் துக்கத்துக்கு ஒதுக்கும் அதே ஒரு வருடம்! வீட்டார் கொடுக்க மறந்ததை அவளுக்கு ஒரு சட்டப்பிரிவு கொடுக்கிறது. அவள் மனம் மாறியதற்கு சந்திரகுமாரின் நல்ல குணம் பாதிக் காரணம் என்றால், இந்த அவகாசம் மீதிப் பாதி என்பேன்.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. சந்திரகுமார் தாக்கப்பட்டு ரத்தத்தோடு கிடக்க, அவள் பணிவிடை செய்து மனம் இளகுவது அரதப்பழசான வழி. பிளாஷ்பேக் முடிந்த பிறகு மனோகரைப் பற்றி அவர்கள் இருவரும் இன்னொரு முறை மனம் விட்டுப் பேசியிருக்கலாம். கடைசியில் அவள் விவாகரத்துப் பத்திரத்தைக் கிழிப்பதும், அவன் கிளம்பிவிட்ட ரயிலின் பின்னால் ஓடுவதும் கண்ணுக்கு அழகு. ஆனால் மனோகரை அந்த ஸ்டேஷனில் யாருமே நினைக்கவில்லை.

இருந்தாலும் மணிரத்னம் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தார். மனோகர் செத்தால் செத்ததுதான். 2013ல் அட்லி எடுத்த 'ராஜா ராணி'யை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் கணவன், மனைவி இருவருக்குமே ஆளுக்கொரு இழப்பு. எனக்கும் பிடித்த படம்தான். ஜான் பறிகொடுத்த கீர்த்தனா திரும்பி வரப்போவதில்லை. ஆனால் ரெஜினா செத்துவிட்டதாக நினைத்து அழுத சூர்யா, கடைசியில் ஏர்போர்ட்டில் உயிரோடு வந்து நிற்கிறான். அப்புறம் அவள் அழுத அழுகைக்கெல்லாம் என்ன மதிப்பு?

'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்.' படம் வந்து ஏறக்குறைய 40 வருடம் ஆகிவிட்டது, இந்த வசனம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. என் வகுப்புப் பெண்களில் சிலர் மூன்றாம் வருடத்திலேயே ஜாதகப் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கல்யாணம் மருந்து என்றால் கட்டிக்கொள்ள வருகிறவன் யார்? அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது இல்லையா? திவ்யாவுக்கு வாய்த்தவன் சந்திரகுமார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

உங்கள் வீட்டில் யாராவது காரணம் சொல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்றால், ஜாதகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் உடனே வராது. கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.