எடை மேடை ஏறாத அறிவிப்பு

2018 ஜூலையில் எட்டு நாள் வேலைநிறுத்தம் முடிந்து லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கின. டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது, சுங்கச்சாவடி, மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் என்று லாரிக்காரர்கள் நீட்டிய பட்டியலுக்கு வழக்கம்போல ஒரு குழு கிடைத்தது. குழு என்ன செய்யும் என்பது நாமக்கல் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. எரிச்சலூட்டுவது வேறொன்று. கேட்டதற்கெல்லாம் குழு போட்ட மத்திய அரசினர், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை மட்டும் வேலைநிறுத்தம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது, ஜூலை 16-ஆம் தேதி, ஒரே அறிவிப்பில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். லாரிகளின் ஆக்சில் எடை வரம்பு உயர்ந்துவிட்டது.

கணக்கு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். முன் ஆக்சிலுக்கு 6 டன்னாக இருந்தது 7 ஆகிறது. நான்கு டயர் ஓடும் பின் ஆக்சிலுக்கு 10.2 டன், 11.5 ஆகிறது. இரட்டை ஆக்சிலுக்கு 19 டன், 21 ஆகிறது. இதைக் கூட்டிப் பார்த்தால் ஆறு சக்கர லாரி 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கும், பத்து சக்கர லாரி 25-லிருந்து 28-க்கும், நாம் டாரஸ் என்றே பொதுப்பெயர் வைத்துவிட்ட பன்னிரண்டு சக்கர வண்டி 31-லிருந்து 35-க்கும், பெரிய டிரெய்லர் 49-லிருந்து 55-க்கும் ஏறுகிறது. வண்டியின் வகை ஒன்றும் மாறவில்லை, சக்கரம் ஒன்றும் கூடவில்லை. காகிதத்தில் மட்டும் எல்லா லாரியும் ஒரே இரவில் பெருத்துவிட்டன. இதனால் சரக்கு ஏற்றும் திறன் 20 முதல் 25 சதவீதம் கூடும், போக்குவரத்துச் செலவு குறையும் என்று சொல்லித் தட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள்.

யாருடைய செலவு குறையும்? சங்ககிரியில் ஒரு புக்கிங் ஆபீஸில் 320 டன் சிமென்ட் லோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாடி கட்டிய பத்து சக்கர லாரியின் வெற்று எடை சுமார் 9 டன். பழைய வரம்பில் அது 16 டன் ஏற்றும், ஆக 20 லாரிக்கு வேலை. புதிய வரம்பில் 19 டன் ஏற்றும், 17 லாரி போதும். மீதி மூன்று லாரி ஆபீஸ் வாசலில் நிற்கும். சிமென்ட் ஆலை புதிதாக ஒரு மூட்டைகூடத் தயாரிக்கவில்லை. லோடு அப்படியே இருக்கிறது, அதைச் சுமக்க வண்டி மட்டும் திடீரென்று அதிகமாகிவிட்டது. வண்டி அதிகமானால் வாடகை எந்தப் பக்கம் போகும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. நிற்கிற மூன்று வண்டிக்காரரும் டன்னுக்கு ஐம்பது குறைத்துக்கொண்டு போகத் தயாராவார்கள். அடுத்த வாரம் அதுவே மார்க்கெட் வாடகை. செலவு குறைவது சரக்கை அனுப்புகிறவருக்கு. குறைகிற அந்தப் பணம் லாரிக்காரர் பையிலிருந்து போகிறது.

ஏற்கெனவே 2017-இல் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டபோது நடை நேரம் குறைந்தது. அதே வண்டி மாதத்துக்கு ஒரு நடை கூடுதலாக ஓடலாம் என்ற நிலை வந்தது. நல்லதுதான். ஆனால் அதற்கேற்ப லோடு கூடவில்லை என்று சேலம், நாமக்கல், கரூர் வட்டாரத்தில் அப்போதே முனகல் இருந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் அடுத்தது.

இந்தத் தொழிலில் ஒரு ஏணி உண்டு. கிளீனராக ஏறியவர் டிரைவராகிறார். பத்து வருஷம் ஓட்டிச் சேர்த்த பணத்தில், மனைவியின் நகையையும் வைத்து, பைனான்ஸில் ஒரு பழைய ஆறு சக்கர லாரி எடுக்கிறார். டியூ முடிந்ததும் அதைக் கொடுத்துவிட்டுப் பத்து சக்கரம். தம்பியோ மச்சானோ வந்து சேர்ந்தால் ஒரு டாரஸ். குட்டி யானையில் காய்கறி ஏற்றித் தொடங்கி டிரெய்லர் வரை போனவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரி ஊர்களானது எந்த ஐந்தாண்டுத் திட்டத்தாலும் அல்ல, இந்த ஏணியால்தான். இதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு டன் கணக்கு இருந்தது. இன்ன வண்டி, இத்தனை டன், இன்ன ரூட்டுக்கு இன்ன வாடகை, மாதம் இத்தனை டியூ என்று அதை நம்பித்தான் கடன் வாங்கினார்கள், அதை நம்பித்தான் பைனான்ஸ்காரரும் கொடுத்தார். போன வருஷம் 25 டன் என்று ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து வாங்கிய வண்டிக்கு இன்னும் நான்கு வருஷ டியூ பாக்கி. அதன் பக்கத்திலேயே நாளை ஷோரூமிலிருந்து 28 டன் வண்டி வந்து நிற்கும். இரு வண்டிக்காரர்களும் ஒரே டோல் கட்டுவார்கள், ஏறக்குறைய ஒரே டீசல் போடுவார்கள், ஒரே டிரைவர் பேட்டா கொடுப்பார்கள். ஒருவர் 16 டன்னுக்கு வாடகை வாங்குவார், இன்னொருவர் 19 டன்னுக்கு.

அப்படியானால் பழைய வண்டிக்கும் புதிய வரம்பு உண்டா? அறிவிப்பு வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். உண்டு என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் அநியாயம். இல்லை என்றால் லட்சக்கணக்கான வண்டிகளை ஒரு கையெழுத்தில் இரண்டாந்தரமாக்கியதாகும். உண்டு என்றால் என்னவாகும் என்பதை அறிவிப்பை எழுதியவர்கள் எழுந்து போய் ஒரு லாரியின் டயரைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் பரவலாக இருப்பது 10.00-20 அளவு, 16 பிளை டயர். அதன் பக்கவாட்டில் 146/143 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒற்றையாக மாட்டினால் ஒரு டயர் 3,000 கிலோ தாங்கும், இரட்டையாக மாட்டினால் தலைக்கு 2,725 கிலோ தாங்கும் என்பது அதற்கு அர்த்தம். முன்பக்கம் இரண்டு டயர், ஆக 6 டன். புதிய வரம்பு 7 டன். பின் ஆக்சிலில் நான்கு டயர், ஆக 10.9 டன். புதிய வரம்பு 11.5. டயர் செய்தவர் தாங்காது என்று ரப்பரிலேயே அச்சடித்திருக்கும் எடையைத்தான் சாலைக்கு உகந்த எடை என்கிறது புதிய வரம்பு. அதுவும் புது டயருக்குச் சொன்ன கணக்கு. ஐந்து வருஷ வண்டியின் பின்னால் இரண்டாவது முறை ரீட்ரெட் செய்த டயர்தான் ஓடும் என்பது பஞ்சர் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். அந்த வண்டி தர்மபுரியிலிருந்து வந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் டிரம்மில் ஏறும் சூட்டை யார் அறிவிப்பு போட்டுக் குறைப்பார்கள்? பழைய எடையிலேயே அந்தச் சரிவில் மாதம் தவறாமல் லாரி கவிழ்ந்துகொண்டிருந்தது.

சாலையின் கதையும் இதுவே. 10.2, 19 என்ற எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1983-இல் வகுத்த தரத்தில் இருப்பவை. அந்த எடைகளை மனதில் வைத்துத்தான் நம் சாலைகள் போடப்பட்டன. ஆக்சில் எடை கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, தோராயமாக அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு, இரண்டு வருஷம் லாரி ஓட்டிக் கண்ட முடிவு இது. சாலைப் பொறியாளர்கள் கல்லூரியில் படிக்கும் பாடம். இதன்படி 10.2 டன் 11.5 ஆனால் எடை கூடுவது 13 சதவீதம், சேதம் கூடுவது 60 சதவீதம். 19 டன் 21 ஆனால் சேதம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடை கூடினால் நடை குறையுமே என்பார்கள். குறையும், ஆறில் ஒன்று. நடைக்கு நடை சேதம் பாதி கூடுவதை அது ஈடுகட்டாது. மீதியை யார் தலையில் கட்டுவார்கள் என்பது சுங்கச்சாவடியில் தெரியும்.

ஐரோப்பாவிலேயே 11.5 டன்தான் என்று மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மை, அங்கே இன்ஜின் விசை பாயும் ஆக்சிலுக்கு 11.5 டன். ஆனால் நாடு விட்டு நாடு ஓடும் டிரெய்லரின் மொத்த எடைக்கு அங்கே பொதுவாக 40 டன்தான் உச்சம். நாம் அவர்களிடம் ஆக்சில் எண்ணை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு மொத்த எடைக்கு 55 போட்டிருக்கிறோம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைகளில் ஒற்றை ஆக்சிலுக்கு 20,000 பவுண்டு, நம் கணக்கில் 9 டன்னைச் சற்றே தாண்டும். மொத்த எடை 80,000 பவுண்டு, 36 டன் சொச்சம். அவர்கள் சாலை நம்முடையதைவிட மோசம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

இன்னொரு வாதத்தையும் கேட்கிறோம். எப்படியும் ஓவர்லோடு ஏற்றத்தானே செய்கிறார்கள், அதைச் சட்டபூர்வமாக்கிவிட்டால் மாமூல் ஒழியுமே என்று. பாஸ் மார்க்கைக் குறைத்துத் தேர்ச்சி விகிதத்தைக் கூட்டுகிற தலைமையாசிரியரின் வாதம் இது. 25 டன் அனுமதித்தபோது 30 ஏற்றியவர் 28 அனுமதித்தால் 33 ஏற்றுவார். தடுக்க வேண்டிய சட்டம் இருக்கிறது. 2018-இல் ஓவர்லோடுக்கு 2,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ஆயிரமும் அபராதமாக இருந்தது, கூடுதல் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும். இறக்கி வைத்ததை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? எடை மேடை இருக்கும் சுங்கச்சாவடியிலும் அது பழுது என்று எழுதி ஒட்டியிருக்கும். முன்பு சில மாநிலங்களில் பணம் கட்டினால் கூடுதல் பாரம் ஏற்ற ‘கோல்டு கார்டு’ என்று அட்டையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. இப்போது அட்டைக்கே அவசியமில்லாமல் போய்விட்டது.

இது தற்செயலாக நடந்த பிசகு என்று நம்ப முடியவில்லை. அதே மேசை, அதே பேனா. 2017-இல் நடந்த பிஎஸ்-3 (பழைய புகைத் தரம்) வண்டிகள் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு அந்த வண்டிகளைத் தயாரிக்கத்தான் கூடாதா, விற்கவும் கூடாதா என்பதை அறிவிப்பில் ஒரு வரியில் தெளிவாக எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எழுதவில்லை. கடைசியில் மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் விற்கவும் கூடாது என்றது. கையிருப்பில் இருந்தவை எட்டு லட்சத்துக்கும் மேல், அவற்றில் லாரி, பஸ் போன்ற வணிக வாகனங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டே நாளில் தள்ளுபடி விலையில் தள்ளினார்கள். கிடைத்ததே என்று கடன் வாங்கி அன்று லாரி எடுத்தவர்கள்தான் 2018-இல் மறுபடி ‘பழைய’ வண்டிக்காரர்களாகி நின்றார்கள். பதினாறு மாதத்தில் இரண்டாவது முறை!

டிரைவர் கேபினுக்கு ஏசி என்ற கதை இன்னொன்று. மே மாத வெயிலில், இன்ஜின் சூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து மணி நேரம் ஓட்டுகிற மனிதனுக்கு ஏசி தருவோம் என்று மேடை மேடையாகப் பேசினார்கள். விதியாக வந்தபோது அது ‘ஏசி அல்லது காற்றோட்ட வசதி’ என்று ஆனது. நிறுவனங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும்? ஒரு சின்ன ஃபேன் வந்தது. டன்னை ஏற்றுவதென்றால் ஒரே நாளில் முடிந்தது, டிரைவருக்குக் காற்று தருவதென்றால் மட்டும் ‘அல்லது’ வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு படித்திருந்தால்தான் கனரக உரிமம் என்று அப்போது கறாராக நின்றவர்கள் இவர்கள்தான். 10.9-ஐவிட 11.5 பெரியது என்பதற்கு எட்டாம் வகுப்பு வேண்டாம், மூன்றாம் வகுப்பு போதும்.

சரக்குச் செலவு குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. 1983-இன் வரம்பு 2018-க்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. வண்டியும் இன்ஜினும் மாறிவிட்டன. ஆனால் சாலையையும் பாலத்தையும் வண்டியையும் கடனையும் ஒருசேரப் பார்க்காமல் எண்களை மட்டும் திருத்துவது நிர்வாகமாகாது. இந்த அறிவிப்பை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். சிறு லாரி உரிமையாளர்கள், சாலைப் பொறியாளர்கள், வண்டியும் டயரும் செய்பவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, படிப்படியாக ஒரு வழி கண்டிருக்க வேண்டும். அதுவரைக்கும், 25 என்றிருப்பதை 28 என்று மாற்றித் தரச் சொல்லி ஆர்.சி. புத்தகத்தோடு வந்து நின்றவரிடம் என்ன பதில் சொல்வது என்று நாமக்கல் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்காவது ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம், இந்த முறை ‘அல்லது’ இல்லாமல்.